கமரா யாரைப் பார்க்கிறது? ஆசிரிய மாணவர்களும் வீடியோவும்: ஒரு சிறு வரலாறு

2012 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில், ஒரு சின்னக் கலகம் நடந்தது. இடைநிலை வகுப்புகளுக்குப் படிப்பிக்கப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 68 பேரிடம், நீங்கள் படிப்பிக்கும்போது எடுத்த இரண்டு பத்து நிமிட வீடியோக்களையும் கூடவே ஒரு நீண்ட எழுத்துப் பரீட்சையையும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அவை போக வேண்டிய இடம் பியர்சன் என்ற கம்பனி. அங்கே இவர்களை ஒருநாளும் நேரில் கண்டிராத யாரோ அதைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். அப்போது அது பரீட்சார்த்தமாகத்தான் நடந்தது. ஆனாலும் 68 பேரில் 67 பேர் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதமாக எங்கட வகுப்பில வந்து இருந்து பார்த்த விரிவுரையாளருக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் எங்களைத் தெரியும், இருபது நிமிட வீடியோவுக்கு என்ன தெரியும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. ஆசிரிய மாணவருக்கு முன்னால் வீடியோக் கமராவை முதலில் கொண்டுவந்து வைத்தவர்களில் ஒருவர் டுவைட் அலன். அவர் 1968 இலிருந்து 1975 வரை இதே ஆம்ஹர்ஸ்டில் கல்விப் பீடாதிபதியாக இருந்தவர். 2012 இல் வந்த அந்த மதிப்பீட்டு முறையை உருவாக்கியதோ ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம். அலன் தன்னுடைய பரிசோதனையைத் தொடங்கியதும் அதே ஸ்டான்போர்டில்தான். அப்ப அலன் கொண்டுவந்த கமராவுக்கும் இந்த 67 பேர் மறுத்த கமராவுக்கும் நடுவில என்ன நடந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பக்கத்து ஊர் இயந்திரம்

கமரா வருவதற்கு முதல் ஆசிரியர் பயிற்சி எப்படி நடந்தது என்பதை விளக்கத் தேவையில்லை, எங்களில் பலபேர் மாணவர்களாக இருந்து அதைப் பார்த்திருக்கிறோம். பயிலுனர் ஆசிரியர் வகுப்புக்கு வருவார். பின் வரிசையில் ஒரு கதிரை போடப்படும். மேற்பார்வையாளர் ஒரு படிவத்தோட வந்து அதில இருப்பார். அன்றைக்கு முழு வகுப்பும் அசையாமல் இருக்கும். பாடம் முடிய இரண்டு பேரும் வெளி விறாந்தையில் நின்று கதைப்பார்கள். "நீங்கள் ஒரு பக்கத்துப் பிள்ளைகளைத்தான் கேள்வி கேட்டீங்கள்" என்று இவர் சொல்லுவார். "இல்லையே சேர், எல்லாரையும் கேட்டனான்" என்று மற்றவர் நினைப்பார், ஆனால் சொல்லமாட்டார். யார் சொல்வது சரி என்று பார்க்க வழியில்லை. பாடம் முடிந்தவுடன் அது காற்றோட போய்விடும். மிச்சம் இருப்பது இரண்டு ஞாபகங்கள். அதில் அதிகாரம் உள்ளவருடைய ஞாபகம்தான் படிவத்தில் ஏறும்.

1956 இல் அம்பெக்ஸ் என்ற கம்பனி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பயன்படக்கூடிய முதலாவது வீடியோ நாடா இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. விலை சுமார் 50,000 டொலர். நாடாவின் அகலம் மட்டும் இரண்டு அங்குலம். அந்தக் குழுவில இருந்த இளைஞர்களில் ஒருவர் ரே டொல்பி. பிறகு சினிமாத் தியேட்டர்களில நாங்கள் காணும் டொல்பி என்ற பெயர் அவருடையதுதான். அம்பெக்ஸ் இருந்தது கலிபோர்னியாவில் ரெட்வூட் சிட்டியில். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் அதிலிருந்து கொஞ்சத் தூரம்தான்.

வீடியோவில் என்ன புதுமை? படம் பிடிப்பது ஏற்கெனவே இருந்ததுதானே. ஆனால் பிலிமைக் கழுவி எடுத்துப் பார்க்க நாட்கள் போகும். அதற்குள் பாடத்தின் சூடு ஆறிவிடும். வீடியோ நாடாவை அந்த இடத்திலேயே பின்னுக்குச் சுற்றிப் பார்க்கலாம். சில வருடங்களில் சிறிய, விலை குறைந்த இயந்திரங்களும் வந்தன. 1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை அனுப்பிய பிறகு, எங்கட பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிப்பிக்கிறோமா என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்திருந்தது. ஆசிரியர் பயிற்சியைத் திருத்த வேண்டும் என்ற அவசரமும் பக்கத்து ஊரில் ஒரு புது இயந்திரமும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

1963 இல் ஸ்டான்போர்டில் டுவைட் அலன், ரொபர்ட் புஷ், கீத் அச்சிசன் ஆகியோர் இருந்த குழு ஒரு முறையைத் தொடங்கியது. அதற்கு மைக்ரோ டீச்சிங் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் நுண்கற்பித்தல். முழு வகுப்புக்கும் முழுப் பாடவேளைக்கும் படிப்பிப்பதற்குப் பதிலாக, நாலைந்து பிள்ளைகளுக்கு முன்னால் ஐந்து நிமிடம் மட்டும் படிப்பிப்பது. அந்தப் பிள்ளைகள் உண்மையான பாடசாலை மாணவர்கள், கூலி கொடுத்து வரவழைக்கப்பட்டவர்கள். கமரா பதிவு செய்யும். முடிந்தவுடன் அந்த நாடாவைப் போட்டு ஆசிரிய மாணவரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து பார்ப்பார்கள். பிள்ளைகளும் ஒரு மதிப்பீட்டுத் தாள் நிரப்புவார்கள். பிறகு பாடத்தைத் திருத்தி, வேறு நாலைந்து பிள்ளைகளுக்கு அதையே திரும்பப் படிப்பிக்க வேண்டும்.

இது அந்தக் காலத்துக்குப் பெரிய விடயம். மேற்பார்வையாளர் சொல்வதை இனி அப்படியே நம்பத் தேவையில்லை. "வாங்கோ, பார்ப்பம்" என்று இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்க்கலாம். பிழைவிட்டால் திரும்பச் செய்து பார்க்கலாம், அதனால் ஒரு பிள்ளையின் வருடமும் வீணாகாது. அலனின் கமரா பயிலுனருக்குச் சாதகமாக வந்த கமரா. அதை மறக்காமல்தான் மிச்சக் கதையைச் சொல்ல வேண்டும்.

துண்டு துண்டான படிப்பித்தல்

ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பழக முடியாது. ஆகவே படிப்பித்தலைத் திறன்களாகப் பிரித்தார்கள். பாடத்தைத் தொடங்குவது ஒரு திறன், கேள்வியைத் தோண்டிக் கேட்பது ஒரு திறன், உதாரணம் சொல்வது, பாராட்டி ஊக்குவிப்பது, மௌனமாக நிற்பது, பாடத்தை முடித்து வைப்பது எல்லாம் ஒவ்வொரு திறன். அலனும் கெவின் றையனும் 1969 இல் இதைப் பற்றி எழுதிய நூலோடு இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது.

பரவும்போது ஒன்று நடந்தது. இந்தியாவில் 1970களில் இதைத் தங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றினார்கள். வீடியோ இயந்திரம் வாங்கக் காசில்லை, கூலிக்குப் பிள்ளைகளும் இல்லை. ஆகவே சக பயிலுனர்களே மாணவராக நடிப்பார்கள், அவர்களில் ஒருவர் தாளில் குறிப்பெடுப்பார். படிப்பிக்க 6 நிமிடம், பின்னூட்டலுக்கு 6, திரும்பத் திட்டமிட 12, மறுபடி படிப்பிக்க 6, மறுபடி பின்னூட்டலுக்கு 6. மொத்தம் 36 நிமிடம். இந்தக் கணக்கு அங்கத்தைய ஆசிரியர் பயிற்சி நூல்களில் வாய்ப்பாடு மாதிரி நிலைத்துவிட்டது. நுண்கற்பித்தல் என்ற சொல் எங்கட நாட்டு ஆசிரியர் பயிற்சியிலும் புழங்குது. கமராவை வைத்துக்கொண்டு பிறந்த முறை, கமராவே இல்லாமல் எங்கட பக்கம் வாழ்ந்துகொண்டிருக்கு.

ஆனால் கமரா இருந்த இடத்திலும் ஒரு சிக்கல் மெல்ல மெல்லத் தெரியவந்தது.

கண்ணாடிக்கு முன்னால்

வட்ஸ்அப்பில் அனுப்பின குரல் பதிவை நீங்களே திரும்பக் கேட்டுப் பாருங்கோ. என்ன சொன்னோம் என்பது காதில விழாது. "ஐயோ, என்ர குரல் இப்பிடியா?" என்பதுதான் முதலில் வரும். ஆசிரிய மாணவருக்கும் அதுதான் நடந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்சஸ் புல்லர் என்பவரும் பிராட் மானிங்கும் 1973 இல், வீடியோவில் தன்னைத் தானே பார்ப்பது பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சும்மா போட்டுக் காட்டினால் ஆசிரிய மாணவர் தன் உடம்பையும் முகத்தையும் குரலையும்தான் பார்க்கிறார். சிலருக்கு அது மன அழுத்தத்தைத் தருகிறது, தீமையாகக்கூட முடியலாம். எதைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்ட நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பயன் வரும் என்பது அவர்களுடைய முடிவின் சாரம்.

புல்லர் 1969 இலேயே இன்னொன்றைச் சொல்லியிருந்தார். புது ஆசிரியரின் கவலைகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதலில் வருவது தன்னைப் பற்றிய கவலை. என்னை மதிப்பார்களா, வகுப்பைக் கட்டுப்படுத்துவேனா, மேற்பார்வையாளர் என்ன நினைப்பார். பிள்ளை படிக்குதா என்ற கவலை மெதுவாக, பிறகுதான் வரும். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, மனித இயல்பாகச் சொன்னார்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே "நான் எப்படி இருக்கிறேன்" என்று பயந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு முன்னால், அவரை மட்டும் காட்டும் கண்ணாடியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். வகுப்பின் பின்பக்கத்தில் கமராவை வைத்தால் ஆசிரியரின் முகம் தெரியும். பிள்ளைகளின் பிடரிதான் தெரியும்.

யாரும் காணாததைக் கண்டவர்கள்

அதே காலத்தில் வேறு சிலர் பதிவுகளை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேரி பட் ரோ என்ற விஞ்ஞானக் கல்வியாளர் வகுப்பறைகளின் ஒலிநாடாக்களை நேரம் கணக்கிட்டுக் கேட்டார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுவார், அல்லது வேறு பிள்ளையிடம் போவார், அல்லது தானே சொல்லிவிடுவார். அதை மூன்று செக்கனுக்கு மேலே நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகக் கதைக்காத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். தான் ஒரு செக்கன்தான் காத்திருக்கிறேன் என்று வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. நாடாவுக்குத் தெரியும்.

ஜேக்கப் குனின் என்ற உளவியலாளரின் கதையும் இப்படித்தான். பின்வரிசையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் ஒருநாள் கண்டித்தார். அந்த மாணவரை விட, சுற்றியிருந்த மற்றவர்கள் சட்டென்று மாறியதைக் கண்டு யோசிக்கத் தொடங்கினார். ஆசிரியர் எப்படிக் கண்டித்தால் வகுப்பு ஒழுங்காக இருக்கும்? பல வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970 இல் நூலாக வெளியிட்டார். அவர் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கண்டிக்கிற விதத்துக்கும் வகுப்பு ஒழுங்குக்கும் சொல்லும்படியான தொடர்பே இல்லை. ஒழுங்கான வகுப்புகளில் இருந்தது வேறு. ரீச்சருக்கு முதுகிலும் கண் இருக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு விடயத்தைச் சமாளிக்க அவருக்கு முடிந்தது. பாடம் அறுபடாமல் ஓடியது.

இவர்கள் இரண்டு பேரும் பார்த்தது ஆசிரியரின் தோற்றத்தை அல்ல. ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நடுவில நடப்பதை. 1983 இல் டொனால்ட் ஷோன் என்பவர் தொழிலில் ஈடுபட்டிருப்பவர்கள் தாம் செய்வதை எப்படி மீளச் சிந்திக்கிறார்கள் என்று எழுதிய நூல் ஆசிரியர் கல்வியில் பேசுபொருளானது. திறன்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதில் இருந்த கவனம், சொந்த அனுபவத்தை யோசித்துப் பார்ப்பதன் பக்கம் நகர்ந்தது. வீடியோவுக்கும் புது வேலை வந்தது.

கமரா திரும்புகிறது

1989 - 90 இல் டெபோரா போல் என்ற ஆசிரியர் கல்வியாளர் மிச்சிகனில் ஒரு பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குத் தினமும் கணிதம் படிப்பித்தார். மாக்டலீன் லம்பர்ட் அதே பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்தார். அந்த வருடப் பாடங்கள் வீடியோவில் பதிவாகின, பிள்ளைகளின் கொப்பிகளும் சேர்த்து வைக்கப்பட்டன. அதில் ஒரு பாடம் ஆசிரியர் கல்வி உலகில் மிகவும் பிரபலம். ஒரு பையன் எழும்பி, 6 இரட்டை எண்ணாகவும் ஒற்றை எண்ணாகவும் இருக்கலாம் என்கிறான். ஏன்? 6 இல் மூன்று இரண்டுகள் இருக்கு, மூன்று ஒற்றை எண். மற்றப் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள். ஒரு பிள்ளை, அப்படியென்றால் 10 உம் அப்படித்தானே, இப்படியே போனால் என்ன ஆகும் என்று மடக்கப் பார்க்கிறாள். அவன் பின்வாங்கவில்லை, ஓம், 10 உம் அப்படித்தான் என்கிறான். ரீச்சர் "பிழை, இரு" என்று சொல்லவில்லை. விவாதத்தை ஓட விடுகிறார்.

இந்தப் பதிவைப் பார்க்கிற ஆசிரிய மாணவர்கள் இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். திருத்தியிருக்க வேண்டாமா? அந்தப் பையன் உண்மையில் எதைக் கண்டுபிடித்தான்? கவனியுங்கள், இந்தக் கேள்விகளில் ரீச்சரின் உடுப்பும் இல்லை, குரலும் இல்லை. ஒரு பிள்ளையின் யோசனைதான் நடுவில இருக்கு.

மிரியம் ஷெரினும் எலிசபெத் வான் எஸ்ஸும் இதை ஒரு பழக்கமாக மாற்றினார்கள். ஆசிரியர்கள் சிலர் ஒழுங்காகச் சந்திப்பார்கள். ஒருவர் தன் வகுப்பின் சிறு துண்டு வீடியோவைக் கொண்டுவருவார், எல்லாரும் பார்த்துக் கதைப்பார்கள். இதற்கு வீடியோக் கழகம் என்று பெயர். தொடக்கத்தில் எல்லாரும் ஆசிரியர் செய்தது சரியா பிழையா என்றுதான் தீர்ப்புச் சொன்னார்கள். கூட்டத்தை நடத்துபவர் "அந்தப் பிள்ளை என்ன சொல்ல வருது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வருடம் போகப் போகப் பேச்சு மாறியது. தீர்ப்புக் குறைந்து, பிள்ளையின் யோசனையை விளங்கிக்கொள்ளும் முயற்சி கூடியது.

இதே காலத்தில் பெரிய அளவிலும் ஒன்று நடந்தது. 1990களின் நடுவில் ஜேம்ஸ் ஸ்டிக்லரின் குழு ஜேர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோவில் எடுத்தது. ஒரு அமெரிக்கப் பாடத்தின் நடுவில ஒலிபெருக்கியில் பஸ் பற்றிய ஒரு அறிவித்தல் வருகிறது. அமெரிக்கர்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. கூட இருந்து பார்த்த ஜப்பானியர் திடுக்கிட்டு, இது என்ன, பாடத்தை எப்படி இப்படிக் குழப்பலாம் என்று கேட்டாராம். தங்கள் வகுப்பறையின் வழக்கம் தங்களுக்கே தெரியாமல் இருந்ததை மற்றவரின் கண்தான் காட்டிக் கொடுத்தது. அந்த ஆய்வில் ஒரு கமராதான். 1999 இல் இன்னும் சில நாடுகளைச் சேர்த்துச் செய்தபோது இரண்டு கமரா வைத்தார்கள், ஒன்று ஆசிரியருக்கு, மற்றது பிள்ளைகளுக்கு.

நாடா யாருக்குப் போகிறது?

இவ்வளவும் வாசித்தால், கமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினால் எல்லாம் சரி என்று தோன்றும். அவ்வளவு இலகு இல்லை. 2009 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் சுமார் 3,000 ஆசிரியர்கள் பங்குபற்றினார்கள். அதில பயன்பட்ட கமரா வகுப்பறையைச் சுற்றிவரப் பார்க்கக்கூடியது. ஆசிரியரும் தெரிவார், பிள்ளைகளும் தெரிவார்கள். ஆனால் நோக்கம் அளப்பது. நல்ல ஆசிரியர் யார் என்பதற்கு நம்பகமான புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் ஆய்வின் மையம். அதற்குப் பக்கத்திலேயே 2012 இன் பரீட்சார்த்தமும் வந்தது. அடுத்த வருடம் அது எட்ரிபிஏ என்ற பெயரில் நாடளாவிய மதிப்பீடாக மாறி, பல மாநிலங்களில் ஆசிரியர் அனுமதிப்பத்திரத்துக்கு நிபந்தனையானது.

இதற்கும் ஒரு நியாயம் இருக்கு. நேரில் பார்க்கும் மேற்பார்வையாளருக்கும் விருப்பு வெறுப்பு இருக்கலாம், தெரிந்தவருக்குப் புள்ளி போடலாம். முகம் தெரியாத ஒருவர் பார்த்தால் பக்கச்சார்பு குறையும் என்று சொல்வதை எங்கட நாட்டில இருந்துகொண்டு லேசாகத் தள்ள முடியாது. ஆனால் புள்ளிக்காக அனுப்பும் வீடியோவில் யார் தன் பிழையைக் காட்டுவார்? நல்லா நடந்த பத்து நிமிடத்தைத்தான் வெட்டி அனுப்புவோம். பயிலுனருக்கு உண்மையில் தேவையானது நடக்காமல் போன பத்து நிமிடம். மதிப்பிடப் பயன்படும் வீடியோவும் கற்றுக்கொள்ளப் பயன்படும் வீடியோவும் ஒரே கமராவில் எடுக்கப்பட்டாலும் இரண்டும் ஒன்றல்ல. ஆம்ஹர்ஸ்டின் 67 பேர் வீடியோவை எதிர்க்கவில்லை, அது போகிற இடத்தைத்தான் எதிர்த்தார்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். எட்ரிபிஏயை நிபந்தனையாக வைத்திருந்த நியூயோர்க் மாநிலம் 2022 இல் அதைக் கைவிட்டது.

1956 இல் 50,000 டொலருக்கு விற்ற இயந்திரத்தை விடத் திறமானது இன்றைக்கு எங்கள் எல்லாருடைய பொக்கற்றிலும் இருக்கு. கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் பாடசாலைக்குப் போகும் கட்டுறுபயிலுனர்களுக்கு இனிக் கருவி ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் அந்த வீடியோ முகநூலுக்கோ டிக்டொக்கிற்கோ போகும் சாத்தியமும் அதே பொக்கற்றில் இருக்கு. வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் காட்சிப் பொருள் இல்லை. அதிபரிடமும் பெற்றோரிடமும் கேட்காமல் எடுக்கக் கூடாது, எடுத்தது வெளியில் போகவும் கூடாது.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது பயிலுனராகப் போகிறவர் என்றால், அறுபது வருட அனுபவத்தில் இருந்து எடுத்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அனுமதி எடுத்த பிறகு, போனைக் கரும்பலகைப் பக்கம் வையுங்கோ, பிள்ளைகளின் முகம் தெரியுற மாதிரி. முழுப் பாடத்தையும் பார்க்க வேண்டாம், குழம்பிப்போன ஐந்து நிமிடத்தை எடுங்கோ. நம்பிக்கையான ஒரு சிநேகிதரோட இருந்து பாருங்கோ. கேள்வி கேட்ட பிறகு எத்தனை செக்கன் காத்திருந்தீங்கள் என்று எண்ணுங்கோ. பிறகு மூன்றாவது வாங்கில் இருந்த அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று ஒருக்காத் திரும்பக் கேளுங்கோ. பார்த்து முடிய, அந்த வீடியோவை வைத்திருப்பதா அழிப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கோ.